ஆணியடியில் பசை

ஏழு மாதம் கூட்டாளி தேடி நாயாய் அலைந்ததில் அமலாவுக்கு ஒன்று மட்டும் நன்றாகப் புரிந்திருந்தது. சிங்கப்பூரில் காப்பி வாங்கித் தர ஆயிரம் பேர் உண்டு. கையெழுத்துப் போடத்தான் ஆள் இல்லை. முட்டி மாற்று அறுவையில் எலும்பை எங்கே வெட்டவேண்டும் என்று ரோபோ கைக்கு வழிகாட்டும் கருவி அவளுடையது. அதை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்க ஒரு டாக்டர் துணைக்கு வேண்டும். பார்த்தவர்கள் எல்லாரும் "சூப்பர் லா" என்றார்கள். பிறகு போனை எடுக்கவில்லை.

கடைசியாக மிஞ்சியவர் டாக்டர் தங்கராஜு. முப்பது வருடமாக முட்டி ஆபரேஷன் செய்பவர், முகத்துக்கு நேரே பேசுகிறவர். அவரும் கைவிரித்தால் இந்த மாதத்தோடு கம்பெனிக்கு மூடுவிழா. அமலா இந்த ஊர்க்காரி, எங்கேயாவது வேலைக்குப் போய்விடுவாள். அவளோடு சேர்ந்து கம்பெனி தொடங்கிய ஸ்ரீராம் திருச்சிக்காரன். கம்பெனி போனால் இங்கே தங்க அனுமதி தரும் அவனுடைய வேலை பாஸும் போகும். மனைவி, ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள், எல்லாரும் பெட்டி கட்டவேண்டியதுதான்.

கருவியில் ஒரு கோளாறு இருந்தது, அது இரண்டு பேருக்கும் தெரியும். எலும்பில் ஓர் ஆணி இறக்கி, அதன் தலையில் மின்னும் சிறு குண்டுகளை மாட்டுவார்கள். கேமரா அந்தக் குண்டுகளை வைத்துத்தான் எலும்பு இருக்கும் இடத்தைக் கணக்கிடும். வயதானவர்களின் மெத்தென்ற எலும்பில் ஆணி நெகிழ்ந்துவிடுகிறது. அது கருவியின் திரைக்குத் தெரியாது. பிழை பூஜ்யம் என்று பச்சை காட்டிக்கொண்டே நாலு மில்லிமீட்டர் தள்ளி வெட்டச் சொல்லும்.

தங்கராஜு விவரமானவர். அதேபோல் மெத்தென்ற எலும்பு வைத்துச் செய்த செயற்கைக் கால் ஒன்றைத் தான் வருவதற்கு முதல் நாளே அனுப்பி, "இதுல செஞ்சு காட்டுங்க" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை, ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடைக்கு மேலே இருந்த ஆபீசுக்குள் அமலா நுழைந்தபோது ஆணி இறக்கி முடிந்திருந்தது. குப்பைக்கூடையில் கீழ்க்கடைப் பசைக்குழாய் ஒன்று நசுங்கிக் கிடந்தது. ஸ்ரீராமைப் பார்த்தாள். அவன் துடைத்த கேமராவையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான். வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். கேட்காமல், பாவி, குப்பைக்கூடை மேல் ஒரு பழைய பேப்பரைப் போட்டு மூடினாள்.

பத்து மணிக்கு டாக்டர் வந்தார். செயற்கைக் காலை மடக்கினார், நீட்டினார், முரட்டுத்தனமாக உலுக்கினார். ஆணி அசையவில்லை. கருவி வெட்டிய இடத்தை அளந்து பார்த்தார்.

"அரை மில்லிமீட்டர்கூட விலகல! இத்தனை வருஷமா இதுக்குத்தாம்மா காத்திருந்தேன்."

அங்கேயே பேனா எடுத்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். ஸ்ரீராமுக்குக் கண் கலங்கிவிட்டது.

"முதல் பத்து பேஷண்டும் எழுபது தாண்டினவங்க," என்றார் டாக்டர் பேனாவை மூடியபடி. "எலும்பு பொரி மாதிரி இருக்கும். வேற யாரும் அவங்களத் தொட மாட்டேங்கிறாங்க. உங்கள நம்பித்தான் நான் தொடறேன்."

அமலா குப்பைக்கூடையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். ஸ்ரீராம் வேண்டாம் என்று தலையாட்டியதைப் பார்த்தும் சொல்லிவிட்டாள்.

"டாக்டர், ஆணியடியில பசை போட்டிருக்கோம்."

அவர் குனிந்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இந்த எலும்புல ஆணி நழுவும்னு எனக்குத் தெரியும்மா. அதுக்குத்தானே அனுப்பினேன்? நழுவுது டாக்டர், வாங்க சேர்ந்து சரி பண்ணலாம்னு சொல்லியிருந்தா அப்பவே கையெழுத்துப் போட்டிருப்பேன்."

"இப்பவாவது சொல்லிட்டோமே, டாக்டர்," என்றாள் அமலா.

"சொன்னீங்க. நான் கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறம். நாளைக்கு உங்க திரை பச்சை காட்டினா நான் எப்படி நம்புறது?"

ஒப்பந்தத்தை நாலாகக் கிழித்து மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

ஸ்ரீராம் ஆணியைப் பிடுங்கப் பார்த்தான். வரவில்லை. இவனாவது தன்னை நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது அமலாவுக்கு. அவன் திட்டவில்லை.

"பாப்பா ஸ்கூல்ல இன்னைக்கே சொல்லிடட்டுமா அமலா?" என்று கேட்டான். "இல்ல, வெள்ளிக்கிழமை அவ பர்த்டே முடிஞ்சதும் சொல்லலாமா?"