எல்லாம் கொச்சி வழியாக

பாறசாலை ஸ்டேஷன் ரோட்டிலிருந்த காப்பீட்டு நிறுவனத்தின் கிளையில் ஏசி வேண்டுமென்று ஊழியர்கள் இரண்டு கோடைகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தலைமை அலுவலகம் ஒரு புது ரௌட்டரை அனுப்பியது. அதைப் பொருத்த வந்தவன் அஜேஷ், கூப்பிடும்போது வந்து வேலை செய்துகொடுக்கும் வெளியாள்.

அதுவரை கிளையின் இணையம் நேராக வெளியே போய்க்கொண்டிருந்தது. அஜேஷ் கிளையையும் கொச்சித் தலைமை அலுவலகத்தையும் விபிஎன்னால் இணைத்தான். இனி எந்தக் கணினியில் எதைத் திறந்தாலும் அது முதலில் கொச்சிக்குப் போய், அங்கிருந்துதான் வெளியே போகும்.

"நெட்டு மெதுவா இழையுமா அண்ணா?" என்றாள் ஆர்யா. பக்கத்திலிருக்கும் காரோடு ஊர்க்காரி. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

"கொஞ்சம் இழையும். பாதுகாப்புக்காக்கும். வேற ஒண்ணும் இல்ல மக்கா."

சில வாரங்கள் கழித்துக் கொச்சித் தலைமை அலுவலக மேலாளர் அஜேஷுக்குப் போன் செய்தார். பாறசாலையில் ஒரு கணினி அடிக்கடி ஒரு மகப்பேறு ஆஸ்பத்திரியின் பக்கத்துக்குப் போகிறது, அது யாருடையது என்று கேட்டார். அஜேஷ் கணினியின் எண்ணைப் பார்த்து, யோசிக்காமல் சொன்னான்: "ஜன்னல் பக்கத்து மேசை. ஆர்யா."

மாதக் கடைசியில் அவளை நிறுத்திவிட்டார்கள். வேலையில் குறை எதுவும் சொல்லவில்லை. கிளைப் பொறுப்பாளர் விலாசினிதான் மனசு கேட்காமல் காரணத்தைச் சொன்னாள்.

ஆர்யா அஜேஷைக் கூப்பிட்டாள். "எனக்க மாமியாருக்கே இன்னும் தெரியாது. கொச்சில உள்ளவனுக்கு எப்பிடி அண்ணா தெரிஞ்சுது?"

"யாருக்க மேசைன்னு கேட்டாவ, சொன்னேன். இதுக்குன்னு நெனைக்கல மக்கா."

"மக்கான்னு ஒண்ணும் விளிக்காண்டாம்." போனை வைத்துவிட்டாள்.

அஜேஷ் மேலாளரிடம் பேசிப் பார்த்தான். நிறுவனத்தின் மென்பொருள் மட்டும் கொச்சி வழியாகப் போகட்டும், மற்றதெல்லாம் பழையபடி நேராகப் போகட்டும், மாற்றுவது சின்ன வேலைதான் என்றான். மேலாளர் சிரித்தார். அடுத்து நெய்யாற்றின்கரைக் கிளையிலும் இதே மாதிரி போட்டுவிடு என்றார்.

போனான், போட்டான். முடித்துவிட்டு எல்லோரும் கேட்கும்படி, "இதுல என்னத்தத் தொறந்தாலும் கொச்சில தெரியும். சொந்தக் காரியம் எதுவும் ஆபீஸ் நெட்டுல பாக்காண்டாம்," என்றான்.

அங்கிருந்த பொறுப்பாளர் சோமன் அன்றைக்கே மேலே சொல்லிவிட்டார். அதோடு அந்த நிறுவனம் அஜேஷைக் கூப்பிடுவதில்லை.

அதைச் சொல்ல அவன் ஆர்யாவுக்குப் போன் செய்தான். அவள் முழுதும் கேட்டாள்.

"அதனால எனக்க வேல திரும்பக் கெடைக்குமா?"

"இல்ல."

"பின்ன எதுக்கு எனக்கிட்ட சொல்லுதீரு?" என்றாள்.