தம்பியின் கார்டு

“காமராஜ் சம்சாரம் யாரு? சீக்கிரம் உள்ள வாங்க.”

நர்ஸ் கூப்பிட்டதும் ஆவுடைத்தாய் எழுந்துவிட்டாள். ஓரகத்தி முருகம்மாள் அவள் கையை அமுக்கி உட்காரவைத்துவிட்டுத் தான் உள்ளே போனாள். கட்டிலில் கிடந்தது ஆவுடைத்தாயின் புருஷன் கண்ணுச்சாமி. ஆஸ்பத்திரியில் காட்டிய கார்டு மட்டும் அவன் தம்பி, முருகம்மாளின் புருஷன் காமராஜுடையது.

பதினொரு வருஷமாக விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிக்கு மருந்து செலுத்தினான் கண்ணுச்சாமி. ரிஜிஸ்தரில் அவன் பேரே கிடையாது. பேரில்லாதவனுக்கு ஏது இ.எஸ்.ஐ. கார்டு? டாக்டர் பத்து மாத்திரை எழுதினால் மெடிக்கலில் இரண்டு வாங்குவான், இருமல் அடங்கினால் போதும் அவனுக்கு. மூச்சு முட்டிக் கண் செருகவும்தான் தம்பி கார்டோடு தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். அண்ணன் தம்பிக்கு ஒரே முகச்சாடை. எவருக்கும் சந்தேகம் தட்டவில்லை.

“எத்தனை நாளா இருமல்?” என்று சேர்க்கும்போது டாக்டர் கேட்டார்.

காமராஜின் ஆஸ்பத்திரி நோட்டில் போன மாதம்வரை ஒரு கோளாறும் இல்லையே!

“நாலு நாளாத்தான் சார்,” என்றாள் முருகம்மாள்.

ஆறு வருஷம் என்று சொல்ல ஆவுடைத்தாய்க்கு வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டாள் பாவி. டாக்டரும் காய்ச்சலுக்கு ஊசி போட்டுவிட்டுப் போனார்.

இப்போது உள்ளேயிருந்து முருகம்மாளின் அலறல் கேட்டது. ஆவுடைத்தாய் விழுந்தடித்து ஓடிக் கண்ணுச்சாமியின் காலைக் கட்டிக்கொண்டாள்.

“என் ராசா, என்னய விட்டுட்டு…”

முருகம்மாள் அவள் காதோரம் குனிந்தாள். “யக்கா, கொழுந்தனுக்கு அழுகுற மாதிரி அழுங்கக்கா. வெளிய தெரிஞ்சா, கார்டு குடுத்ததுக்கு எங்க வீட்டு அவுகள செயில்ல தூக்கிப் போட்ருவாகக்கா.”

கொழுந்தனுக்கு எம்மட்டும் அழலாம்? யாரிடம் போய்க் கேட்பாள்! காலை விட்டுவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கட்டியவளின் இடத்தில் நின்று முருகம்மாள் மாரில் அடித்துக்கொண்டிருந்தாள்.

டீக்கடையில் ஒளிந்திருந்த காமராஜ் வந்து சேர்ந்தான். கிளார்க் ‘காமராஜ், இறப்பு’ என்று எழுதி முடித்து நிமிர்ந்தார்.

“பாடிய வாங்குறது யாரு?”

“நாந்தான் சார். அண்ணன்.”

“பேரு?”

காமராஜ் மதினியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

“கண்ணுச்சாமி.”

நர்ஸ் நல்ல மனுஷி. முருகம்மாளைக் காட்டி ஆவுடைத்தாயின் தோளைத் தொட்டாள்.

“அழாதீகம்மா. ஒங்களுக்காச்சும் வீட்டுக்காரர் தொணைக்கு இருக்காரு. புருஷனும் பொஞ்சாதியுமா இருந்து இந்தப் புள்ளயக் கைவிடாமப் பாத்துக்கிடுங்க.”

ஆவுடைத்தாய் சரியென்று தலையாட்டினாள்.