புஞ்சைக்கு வியர்த்த வருஷம்

வேணுகோபாலுக்கு எழுபத்தோரு வயதில், ஒரு சித்திரை மாதம், வியர்வை அடியோடு நின்றுபோனது. அதே வாரம் ஓடைக்கரையில் இருந்த அவருடைய புஞ்சை வியர்க்க ஆரம்பித்தது. உச்சிப்பொழுதில் கரிசல் மண்ணின் மேல் பொட்டுப் பொட்டாக ஈரம் அரும்பும், பிறகு ஒன்றோடொன்று சேர்ந்து வெடிப்புகளில் வழியும், பொழுது சாய்ந்ததும் காய்ந்து வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடக்கும். எட்டயபுரத்துக்கும் எப்போதும்வென்றானுக்கும் நடுவில், கைகாட்டினால் மட்டும் பஸ் நிற்கிற அந்தச் சின்ன ஊருக்கு இதைப் பார்க்க ஒரு வாரம் கூட்டம் வந்தது. கோவில்பட்டியிலிருந்து வந்தவர்கள் செல்போனில் படம் பிடித்துப் போனார்கள். ஆடுகள் மேய்ச்சலை விட்டுவிட்டு அங்கே வந்து உப்பை நக்கின. அப்புறம் உளுந்து விலை இறங்கியது, ஊர்ப்பேச்சு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

வியர்வை மட்டும் போயிருந்தால் வேணுகோபால் கவலைப்பட்டிருக்க மாட்டார். உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டியது. வாய் எந்நேரமும் வறண்டு கிடந்தது. நாலு வாய்ச் சோற்றிலேயே வயிறு போதும் என்றது, உள்ளே போனதை வெளியே விடுவதற்கும் அடம் பிடித்தது. மூத்திரமோ வந்தால் வந்ததுதான், வேட்டியை ஒதுக்கக்கூட அவகாசம் தராது. எட்டயபுரம் பஸ்ஸில் ஒருநாள் மானம் போன பிறகு அவர் பஸ் ஏறவே இல்லை. கல்யாண வீடு, சாவு விழுந்த துட்டி வீடு எல்லாவற்றுக்கும் மனைவி வள்ளித்தாய்தான் போய்வந்தாள். ஒரு மந்தை ஆட்டைத் தனி ஆளாகப் பத்திக்கொண்டு காடு காடாக அலைந்த மனுஷன், வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டிலில் கிடந்தார். எழுந்தால் போதும், நீங்க இருங்க, விழுந்துறப் போறீங்க என்று நாலு பக்கமிருந்தும் சத்தம் வரும். அக்கறையாகத்தான் சொன்னார்கள். அதைக் கேட்கக் கேட்க அவருக்கு அழுகையாக வந்தது. தன்னால் இனி யாருக்கும் ஒரு உபகாரமும் இல்லையே என்கிற துக்கம். அழுதாலோ அந்தப் பாழாய்ப்போன கண்ணீரும் வரவில்லை.

ஆட்டோ பிடித்துக் கோவில்பட்டிக்குக் கூட்டிப் போனபோது டாக்டர் ப்ரியதர்ஷினி அவரைப் படுக்கவைத்து ஒருதரம், நிற்கவைத்து ஒருதரம் பிரஷர் பார்த்தார். நாம் சொல்லாமலே உடம்பைக் கவனித்துக்கொள்கிற நரம்புகள் உண்டு, வியர்வை, ரத்த ஓட்டம், செரிமானம், மூத்திரம் எல்லாம் அவற்றின் பொறுப்பு, அவை தளர்ந்துவிட்டன என்றார். மெல்ல எழுந்திருக்க வேண்டும். தலை சுற்றினால் உடனே தரையில் படுத்துக் காலை உயர்த்தி வைக்க வேண்டும். வெயில் மட்டும் ஆகவே ஆகாது, வியர்க்காத உடம்பு தணியாது, உயிருக்கே ஆபத்து என்று வள்ளித்தாயின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அவள் தயங்கித் தயங்கிப் புஞ்சை வியர்க்கிற விஷயத்தையும் சொன்னாள். டாக்டர் கொஞ்சம் யோசித்து, அப்படியானால் குளுமை அங்கே போய்விடுகிறது, காந்தல் இவரிடமே நின்றுவிடுகிறது, இன்னும் கவனமாக இருங்கள் என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கண் இருட்டும்போது தான் எங்கே போகிறோம் என்பதை வேணுகோபால் ஒருவரிடமும் சொல்லவில்லை. அவர் புஞ்சைக்கு அடியில் போனார். அங்கே வெளிச்சம் இல்லை, இருட்டும் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கைச் சுருக்கி வைத்ததுபோல ஒரு மங்கல். வேர்கள் மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கும். மூட்டு வலிக்காது, எதற்கும் அவசரம் வராது, மேலே யார் நடந்தாலும் முதுகில் யாரோ தடவிக்கொடுப்பதுபோல இருக்கும். திரும்பி வரும்போது குதிகாலில் கரிசல் அப்பியிருக்கும். படுத்துக் கிடக்கிற ஆளுக்கு மண் எங்கிருந்து வருகிறது என்று ஏசிக்கொண்டே வள்ளித்தாய் கட்டிலைத் தட்டுவாள். புஞ்சையும் அவரை விட்டு விலகவில்லை. அவர் பச்சை மிளகாயைக் கடித்தால் அதன் வடக்கு மூலை மட்டும் நனையும். தூத்துக்குடியில் மகள் ஆனந்திக்கு வலி எடுத்துவிட்டது என்று போன் வந்த அன்றைக்குப் புஞ்சை முழுக்கச் சில்லென்று வியர்த்துச் சிலிர்த்துப்போய்க் கிடந்தது. பக்கத்துப் புஞ்சைக்காரன் காளிராஜ் அதைப் பார்த்துவிட்டு நேரே வந்து, எல்லாம் நல்லபடியாக நடக்கும், மனசைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம் என்று ஆறுதல் சொன்னான். பேத்தி பிறந்ததும் மண் உலர்ந்தது.

அந்த வருஷம் புரட்டாசியில் விதைத்தார்கள். ஐப்பசியில் ஒரு மழை பெய்து உளுந்து முளைத்து வந்தது. கார்த்திகையில் வானம் கையை விரித்துவிட்டது. பூக்கிற பருவத்தில் செடி தலை தொங்கி நிற்பதைப் பார்க்க ஒருவருக்கும் சகிக்கவில்லை. வேணுகோபால் புஞ்சை மட்டும் பச்சைப்பசேல் என்று இருந்தது. அங்கிருந்து வரப்பு கசிந்து காளிராஜின் உளுந்திலும் பாதி நிமிர்ந்து நின்றது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவன் வந்தான். கெட்டவன் இல்லை, நகையை அடகு வைத்து விதைத்தவன். கட்டிலோரம் குத்தவைத்து ஊர்க்கதையெல்லாம் பேசி முடித்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"மாமா, செத்த நேரம் வெயில்ல உக்காந்தீங்கன்னா சுத்துப்பட்டுப் புஞ்சையெல்லாம் பிழைச்சுக்கிடும்."

வேணுகோபால் மெல்ல எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வள்ளித்தாய் நூறுநாள் வேலைக்குப் போயிருந்த நேரம் அது. புஞ்சை ஓரத்தில் ஒரு பனையோலைக் கடகப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்தார். வெயில் ஏற ஏற மண் அரும்பியது, வழிந்தது, வரப்பைத் தாண்டியது. மறுநாளும் போனார், அதற்கு அடுத்த நாளும் போனார். சுற்றுப் புஞ்சைக்காரர்கள் அவருக்கு டீ வாங்கி வந்தார்கள். ஆட்டுக்குக் கழிச்சல் என்றால் என்ன கொடுக்கலாம் என்று கேட்டார்கள். இருங்க, விழுந்துறப் போறீங்க என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. சாயங்காலம் வீடு திரும்புகையில் உடம்பு அடுப்பாகக் காந்தியது, மனசு மட்டும் இளவட்டமாகத் துள்ளியது.

வள்ளித்தாய் கண்டுபிடிக்க ரொம்ப நாள் ஆகவில்லை. கருகிப்போன முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. டாக்டரம்மா சொன்னது காதில் விழவில்லையா, என்னை இந்த வயசில் தனியாக விட்டுவிட்டுப் போகப் பார்க்கிறீர்களா என்று ஆங்காரமாக ஏசினாள்.

"ஏட்டி, சும்மா கெடந்து சாகுததுக்கு இது தேவலைட்டி" என்றார் அவர்.

அவள் அடுப்படிக்குள் போய் வெகுநேரம் அழுதாள். காலையில் அவருடைய செருப்பை எடுத்து ஒளித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அவர் வெறுங்காலோடு போனார்.

அன்றைக்குக் கடைசிப் புஞ்சை வரைக்கும் ஈரம் எட்ட வேண்டும் என்று அவரே ஆட்டுக் கிடைக்காவலுக்குப் போர்த்துகிற கம்பளியைக் கொண்டுவரச் சொல்லி மேலே போர்த்திக்கொண்டார். புஞ்சை அருவியாகக் கொட்டியது. ஊரே வரப்பில் நின்று பார்த்தது. ஈரம் எதுவரை போயிருக்கிறது என்று பார்க்க அவர் எழுந்தார். எழுந்ததும் ஆடினார், கண் மேலே செருகியது. அவருடைய அப்பா கோயில் கொடைவிழாவில் சாமியாடியவர். மகனுக்கும் சாமி வந்துவிட்டது என்று எல்லாரும் ஒரே நேரத்தில் நினைத்துக்கொண்டார்கள். அந்த ஊரில் சாமி வந்தவரைத் தரையில் விழவிடக் கூடாது, இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், அதுதான் மரியாதை. அப்படியே பிடித்தார்கள். நெற்றி நிறையத் திருநீறு பூசினார்கள். காளிராஜ் கும்பிட்டபடி, மழை எப்போது வரும் சாமி என்று கேட்டான். சாமி வாய் திறக்கவில்லை. தலை தொங்கத் தொங்க நிமிர்த்தி நிமிர்த்திப் பிடித்தார்கள். வேணுகோபால் அதற்குள் வேர்களையெல்லாம் தாண்டி, அவர் இதுவரை போகாத ஆழத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தார்.

யாரோ சொல்லக் கேட்டு வள்ளித்தாய் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"சாமியும் இல்ல, பூதமும் இல்ல, அவிய செத்துக்கிட்டிருக்காவ. கீழ படுக்கப் போடுங்கலே!"

படுக்க வைத்தார்கள். கம்பளியை உருவி எறிந்துவிட்டுக் கடகப்பெட்டியின் மேல் அவர் காலைத் தூக்கி வைத்தாள். நூற்றியெட்டுக்குப் போன் போட்டாயிற்று, அது வந்து சேர வேண்டும். சேலையை நனைத்துப் போர்த்தினாள், தலையோடு தண்ணீர் ஊற்றினாள். ஊற்றியது ஊற்றிய வேகத்தில் ஆவியாகியது, சூடு தணியவில்லை. அப்போதுதான் அவள் புஞ்சையைத் திரும்பிப் பார்த்தாள். வியர்வை நின்றுபோய், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண் வெளிறிப் பாளம் பாளமாக வெடித்துக்கொண்டிருந்தது.

"இது நிலம் இல்லய்யா, அவிய தோலு. தோல்ல ஊத்துங்க" என்றாள்.

குடிதண்ணீர் லாரி வந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. வீட்டுக்கு ஒரு குடம், அரைக்குடம்தான் மிச்சம். முதலில் ஓடியது காளிராஜ். வீட்டில் இருந்த ஒரே குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, அழுதுகொண்டே வந்து கவிழ்த்தான். பின்னால் பெண்கள் வந்தார்கள். பிளாஸ்டிக் குடம், கேன், ஆட்டுக்கு வைத்த தொட்டித் தண்ணீர், சோறு வடிக்க எடுத்து வைத்திருந்த உலைத்தண்ணீர் எல்லாம் வந்தது. நாளைக்கு என்னத்தைக் குடிப்பது என்று ஒரு ஆள் கேட்கவில்லை. மண் உஸ்ஸென்று இழுத்துக் குடித்தது. வள்ளித்தாயின் உள்ளங்கைக்குக் கீழே அவர் நெற்றி கொஞ்சம் கொஞ்சமாக ஆறியது. ஆம்புலன்ஸ் சத்தம் ரோட்டில் கேட்டபோது அவர் கண்ணைத் திறந்தார். காது மடல் வரைக்கும் கரிசல் சேறு அப்பியிருந்தது.

"அங்கன குளுகுளுன்னு இருந்துச்சுட்டி" என்றார். "வந்திருக்கவே மாட்டேன். நீ ஏசுன சத்தம் கேட்டுச்சு."

கோவில்பட்டி போய்ச் சேருகிற வரைக்கும் அவள் ஏசுவதை நிறுத்தவில்லை.

அந்த வருஷம் பாதி வெள்ளாமைதான் வீடு வந்தது. வெயிலில் உட்காரச் சொல்லி அதற்குப் பிறகு யாரும் அவரிடம் கேட்கவில்லை. ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு அவர் வேப்பமரத்தடியிலேயே இருக்கிறார், ஆனால் தனியாக இல்லை. ஆட்டுக்கு நோய் என்றாலும் அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு என்றாலும் அங்கேதான் வந்து உட்காருகிறார்கள். கல்யாண வீடுகளுக்குக் காளிராஜ் தன்னுடைய குட்டியானைச் சரக்கு வண்டியில் கூட்டிப் போகிறான், அவர் கைகாட்டுகிற இடத்திலெல்லாம் முணுமுணுக்காமல் வண்டியை நிறுத்துகிறான். கண் இருட்டல் இன்னும் இருக்கிறது. சித்திரை வைகாசியில் ஓடைக்கரைப் பக்கம் போகிறவர்கள் குடத்திலிருந்தோ பாட்டிலிலிருந்தோ கொஞ்சம் அந்தப் புஞ்சையில் ஊற்றிவிட்டுத்தான் நடக்கிறார்கள். இப்படிச் செய்யுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. மரத்தடியில் பேசிக்கொண்டே இருக்கும்போது வேணுகோபால் சட்டென்று நிறுத்துவார். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "இடது தோள்ல யாரோ ஊத்துதாவ" என்பார். கேட்டுக்கொண்டிருப்பவர்களும் அது முடிகிற வரைக்கும் பேசாமல் இருப்பார்கள். அப்புறம் ஆட்டுப்பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடரும்.