அரைநாள் அக்காவின் லீவுக் கணக்கு

கட்டிய புருஷனின் கட்டிலோரம் ஒரு நாள் உட்கார்ந்திருக்க என்ன விலை? அட்டைப்பெட்டிக் கம்பெனியில் அது ஒரு நாள் சம்பளம். அந்த விலையைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவள் வருகைப் பதிவேட்டைப் பார்க்கும் அக்கா. பத்து நிமிடம் தாண்டி வந்தால் அரைநாளை வெட்டிவிடுவாள் என்பதால் அங்கே அவளுக்குப் பெயரே அரைநாள் அக்கா.

புருஷனுக்கு இடுப்பெலும்பில் ஆபரேஷன். பத்து நாள் கூடவே ஆள் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனி எடுத்துக் கொடுத்த இன்சூரன்ஸ் பில்லைக் கட்டும். பக்கத்தில் வந்து உட்காராது. அவளுடைய லீவெல்லாம் மாமியார் காய்ச்சலிலேயே கரைந்திருந்தது. சம்பளமில்லாமல் பத்து நாள் என்றால் வீட்டு வாடகை உதைக்கும்.

"அதுக்குத்தானே லீவு டப்பா வச்சிருக்கேன்," என்றார் முதலாளி. மிச்சமுள்ள லீவைச் சீட்டில் எழுதி, கஷ்டப்படுகிறவர்களுக்காகப் போடும் டப்பா அது. "டப்பாவுக்கு மேல இருக்கிற போர்டுல உன் பேரை எழுதும்மா."

"என் பேருக்கு எவன் சார் போடுவான்? வெட்டின கை இது."

ஆனாலும் எழுதினாள். மூன்றாம் நாள் டப்பாவைத் திறந்தால், போட்டிருந்தார்கள். வாட்ச்மேன் இரண்டு, அச்சு மிஷின் ஆட்கள் சேர்ந்து ஐந்து, கேன்டீன்காரம்மா ஒன்றரை, முதலாளியே ஒன்று.

அடியில் பசை மிஷின்காரன் சீட்டு: 'என்கிட்ட லீவு இல்ல. போன மாசம் வெட்டினீங்களே, அந்த அரைநாளை எடுத்துக்குங்க.'

சுருக்கென்றது. பஸ்ஸில் மயங்கி விழுந்த பேக்கிங் பெண்ணை க்ளினிக்கில் சேர்த்துவிட்டுத்தான் அன்று அவன் தாமதமாக வந்தான். சொல்லவும் சொன்னான். 'காரணம் எழுத ஏட்டுல இடமில்ல' என்று இவள்தான் வெட்டினாள்.

ஏட்டைப் பிரித்து முழுநாளாகத் திருத்தி, முதலாளியிடம் கையெழுத்து வாங்கினாள். ஸ்கேலை வைத்துக் 'காரணம்' என்று ஒரு கட்டமும் போட்டாள். பிறகு சீட்டோடு பசை மிஷினுக்குப் போனாள்.

"உன் அரைநாளைத் திருப்பிட்டேன்ப்பா. சீட்டை நீயே வச்சுக்க."

"உங்களுக்குப் பத்து வேணுமே அக்கா?"

"இந்தக் கையால குடுத்து அந்தக் கையால பிடுங்கிக்கவா? பத்தாம் நாள் மத்தியானம் நாத்தனார் உட்கார்ந்துக்குவா. நான் வேலைக்கு வந்துடறேன்."

"வாங்க வாங்க. பத்து நிமிஷம் தாண்டிடாதீங்க, அரைநாள் போயிடும்!"

மிஷின் பக்கமே சிரித்தது. அக்காவும் சிரித்தாள். போய் டப்பா நோட்டில் எழுதினாள்:

தேவை பத்து. வரவு ஒன்பதரை. பாக்கி அரை.