வாய் அகன்ற லென்ஸ்

என் கணவர் ஓஸ்வால்டுக்கு இரண்டு உத்தியோகம். வாரம் முழுவதும் டெலிபோன் ஃபாக்டரியில் சம்பளத்துக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை கோயில் கல்யாணங்களிலும் ஞானஸ்நானங்களிலும் படம் எடுப்பது ஆசைக்கு. ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருவில் யார் வீட்டுச் சுவரில் கல்யாணப் படம் தொங்கினாலும் அது அவர் எடுத்ததாகத்தான் இருக்கும். அதில் பாதிப் படங்களில் மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டிருப்பார் என்பதை நான் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டேன், போகட்டும்.

எங்களுக்கு ஒரே பெண், மௌரீன். யார் எதைச் சொன்னாலும் ‘சரி’ என்பாள். டைப்ரைட்டிங் படி என்றால் சரி. பாட்டுக் குழுவில் சேர் என்றால் சரி. இந்தப் பச்சைச் சேலை உனக்கு எடுக்கும் என்று நான் சொன்னால், அது அவளுக்குத் துளியும் எடுக்காவிட்டாலும், சரி. என்னை மாதிரி ஒரு வாயாடிக்கு இப்படி ஒரு பெண் பிறந்தது எப்படி என்று தெருவே கேட்டது. பெற்றவள் எனக்கே அந்தச் ‘சரி’க்குள் என்ன இருக்கிறது என்று கடைசி வரை பிடிபடவில்லை.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில், மடத்தில் சேரப் போகிறேன் என்றாள். பள்ளிக்கூடம் நடத்தும் கன்னியர் மடமாக இருந்தால் நான் இவ்வளவு ஆடிப்போயிருக்க மாட்டேன். இது அடைபட்ட மடம். உள்ளே போனவர்கள் வெளியே வருவதில்லை. பெற்றவர்கள் வருஷத்தில் சில தடவை போய்ப் பேசலாம். நடுவில் இரும்புக் கம்பி, கம்பிக்குப் பின்னால் கறுப்புத் திரை. குரல் மட்டும்தான் கேட்கும்.

“உனக்கே இஷ்டமா, இல்ல யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களா?” என்று கேட்டேன்.

“எனக்கே இஷ்டம்மா.”

“மனசார?”

“சரிம்மா, மனசார” என்றாள். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? யாரோ ஒரு மதர் நீ வாயேன் என்று கூப்பிட்டிருப்பாள், இவள் சரி என்றிருப்பாள் என்ற பயம் எனக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது. அவள் போன பிறகு இரண்டு தடவை பார்க்கப் போனோம். பார்க்க என்று சொல்வது பழக்க தோஷம். திரைக்குப் பின்னாலிருந்து “நல்லா இருக்கேம்மா” என்று குரல் வந்தது. முகத்தைப் பார்த்தால் நான் கண்டுபிடித்துவிடுவேன். குரலில் அவள் யாரையும் ஏமாற்றிவிடுவாள்.

அடுத்த வருஷம் அவள் துறவற உடுப்பு வாங்கும் நாள் குறித்தார்கள். பெற்றோர் வரலாம். மடத்துத் தாயாரிடம் படம் எடுக்க அனுமதி கேட்டோம். விளக்கு மின்னக் கூடாது, சடங்கின்போது யாரும் இருந்த இடத்தை விட்டு நகரக் கூடாது என்று திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

ஓஸ்வால்ட் அன்று ராத்திரியே கணக்குப் போட ஆரம்பித்தார். பள்ளிக்கூட ஸிஸ்டர்கள் துறவற வார்த்தைப்பாடு கொடுக்கும்போது இவர் படம் எடுத்திருக்கிறார். அங்கே எல்லாம் பீடத்துக்கு முன்னால் நடக்கும், குடும்பத்தார் கடைசிப் பெஞ்சில் இருப்பார்கள். இங்கேயும் அப்படித்தான் என்று தானாக முடிவு கட்டிக்கொண்டார். கேட்டால் வாய் தேய்ந்துவிடுமா? கேட்கவில்லை. “அவ்ளோ தூரத்துல இருந்து நம்ம லென்ஸ்ல எடுத்தா அரிசி மணி மாதிரி தெரிவா, பியாட்ரிஸ். டெலி லென்ஸ் ஒண்ணு வேணும்” என்றார்.

சவுத் பரேடில் ஒரு காமிராக் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே சேஷகிரி என்று ஒருவர், கண்ணாடிப் பெட்டியிலிருந்து கைக்குட்டையால் பிடித்து ஒன்றை எடுத்தார். ஜூம் லென்ஸாம். ஒரு வளையத்தைத் திருகினால் தூரத்தில் இருப்பது கிட்டே வரும், கிட்டே இருப்பது தூரப் போகும். ஓஸ்வால்ட் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற போலீஸ்காரரைப் பார்த்தபடி திருகினேன். அந்த மனுஷர் இருந்த இடத்தை விட்டு அசையாமலேயே நேராக என்னிடம் வந்தார். மீசையில் ஒரு பக்கம் நரைத்திருந்தது. எனக்கு வாயடைத்துப் போயிற்று. எனக்கு வாயடைப்பது அடிக்கடி நடப்பதல்ல.

விலையைக் கேட்டதும் ஓஸ்வால்ட் அதைப் பிறத்தியார் வீட்டுக் குழந்தையைத் திருப்பிக் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். சேஷகிரி நல்ல மனுஷர். “உள்ளுக்குள்ள எடுக்கறதுக்கு இது ஆகாது சார், லைட் சாலாது. ரிச்மண்ட் டவுன்ல ஹெர்பர்ட்னு ஒருத்தர் ஆஸ்திரேலியாவுக்குப் போறாரு. குதிரைப் பந்தயம் படம் எடுத்தவரு. லென்ஸெல்லாம் குடுத்துட்டுப் போறாராம். ஜல்தி போய்ப் பாருங்க” என்றார்.

ஹெர்பர்ட் வீட்டுக் கூடம் முழுக்க டிரங்குப் பெட்டிகள். திரைச்சீலைகளைக் கழற்றாமல் வைத்திருந்ததால் பகலிலும் மங்கலாக இருந்தது. அவர் மனைவி அந்தக் கோடியில் உட்கார்ந்து பீங்கான் தட்டுகளைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துச் சிரித்து, கையை ஆட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

ஹெர்பர்ட் இரண்டு லென்ஸ்களை மேஜைமேல் வைத்தார். ஒன்று முழங்கை நீளம். இன்னொன்று குட்டை, ஆனால் வாய் அகலம். முன்கண்ணாடி டபரா அளவு இருந்தது. ஓஸ்வால்டின் கண் நீளமானதிலேயே நின்றது. ஆண்பிள்ளைகளுக்கு எதிலும் நீளம் பெரிசாக இருந்தால் போதும். அதை மாட்டிப் பார்த்து, ஆகா ஓகோ என்றார். நானும் பார்த்தேன். இருட்டுக்குள் ஏதோ பெரிசாக அசைந்தது, அவ்வளவுதான்.

“அதக் குடுங்க” என்று குட்டையானதைக் கேட்டேன்.

கூடத்துக் கோடியில் இருந்தவள் என் கண்ணுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். ஜன்னல் இடுக்கில் வந்த கொஞ்சம் வெளிச்சத்தை அந்த அகன்ற வாய் முழுசாகக் குடித்து அவள் முகத்தில் கொட்டியிருந்தது. சிரித்துக் கையாட்டியவள், ஒவ்வொரு தட்டையும் சுற்றும்போது உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். மோவாய் நடுங்கியது. நாங்கள் மூன்று பேர் அந்த அறையில் நின்று பேசிக்கொண்டிருக்க, ஒருத்தி எங்கள் எதிரிலேயே அழுதுகொண்டிருந்தாள், யாருக்கும் தெரியவில்லை. ஒரு கண்ணாடித் துண்டு இதைச் செய்யுமா?

“எதுல முகம் தெரியுதோ அத வாங்குங்க” என்றேன்.

“இது அவ்ளோ கிட்ட இழுக்காது, பியாட்ரிஸ்.”

“கிட்ட வந்து இருட்டா நின்னா எதுக்கு ஆகும்? எனக்கு என் பொண்ணு முகம் வேணும்.”

மௌரீன் கல்யாணத்துக்கென்று சேர்த்தது அப்படியே இருந்தது. அதிலிருந்துதான் எடுத்தோம். அதற்கப்புறம் ஓஸ்வால்ட் கை ஆடாமல் பிடிக்கப் பழகினார். விளக்கு மின்னாமல் எடுப்பதானால் காமிராவுக்குள் இருக்கும் கதவு மெதுவாகத்தான் திறந்து மூடுமாம், கை கொஞ்சம் நடுங்கினாலும் முகம் கலைந்துவிடுமாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு இருட்டுச் சமையலறையில் என்னையே படம் எடுத்தார். குழம்பு தீய்ந்ததுதான் மிச்சம்.

அந்த நாள் வந்தது. மடத்துக் கோயிலில் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்து, ஓஸ்வால்ட் பீடத்தைப் பார்த்துக் காமிராவைச் சரி செய்துகொண்டார். ஒரு அம்மாள் வந்து, பெற்றோர்கள் மட்டும் வாருங்கள் என்று எங்களை முன்னால் அழைத்துப் போனாள். பீடத்துக்குப் பக்கச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய கம்பிக் கதவு. அதற்கு ஒட்டினாற்போல் முழந்தாளிடச் சொன்னாள். உள்ளே திரை விலகியது. சடங்கு பீடத்தில் இல்லை. கம்பிக்கு அந்தப் பக்கம், உள்ளே நீண்ட மண்டபத்தின் கோடியில்.

கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் கம்பி, கம்பி, கம்பி. குறுக்கிலும் நெடுக்கிலும் விரல் தடிமனில். அதற்கு அப்பால் மெழுகுவர்த்திகள். அதற்கும் அப்பால் தரையில் பூக்களுக்கு நடுவே கையை விரித்துக் குப்புறக் கிடக்கும் ஓர் உருவம். அதுதான் என் பெண் என்று பக்கத்தில் இருந்த அம்மாள் சொல்லித்தான் தெரிந்தது. கேட்டிருக்கலாமே, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று அந்த மனுஷரைக் கோபமாகத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் காமிராவைக் கம்பியோடு ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. காமிராவை இறக்கியபோது கண்ணெல்லாம் தண்ணீர். “எனக்கு ஒண்ணும் தெரியல. கை நிக்கல” என்று முணுமுணுத்தார். “நீ எடு. அவ எழுந்திரிக்கப் போறா.”

வாங்கினேன். முழங்கையைக் கம்பிச் சுவரின் கல் விளிம்பில் ஊன்றிக் கண்ணை வைத்தேன்.

கம்பி இல்லை.

காமிராவை இறக்கிப் பார்த்தேன். விரல் தடிமனில் கம்பி அப்படியே இருந்தது. மறுபடி கண்ணை வைத்தேன். இல்லை. அந்த அகன்ற வாய், மூக்குக்கு முன்னால் இருந்த இரும்பை லேசான புகையாகக் கரைத்துவிட்டு, அதைத் தாண்டிப் போய் அவளிடம் நின்றது. ஹெர்பர்ட் இதைச் சொல்லவில்லை, சேஷகிரி சொல்லவில்லை, ஓஸ்வால்டுக்கும் தெரியாது. எனக்கும் என் பெண்ணுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. ஆண்டவரே என்று சொன்னேன். அதைத் தவிர வேறு என்ன சொல்வது?

மௌரீன் எழுந்தாள். புது உடுப்பின் கனத்தில் முழந்தாளில் தடுமாறினாள். வயதான கன்னியர் ஒருவர், பார்த்தாலே பயம் வரும் பெரிய மதர், குனிந்து அவளைத் தூக்கிவிடக் கையை நீட்டினார். மௌரீன் அந்தக் கையைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். வேண்டாம். சிரித்துக்கொண்டே ஆட்டினாள். பிறகு தரையில் தன் உள்ளங்கையை ஊன்றித் தானாக எழுந்து நின்றாள்.

இருபத்து மூன்று வருஷம் அந்த முகத்துக்குச் சோறு ஊட்டியிருக்கிறேன், பொட்டுப் பொட்டாக வியர்த்தபோது துடைத்திருக்கிறேன். அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததே இல்லை. யாருக்காகவும் வைத்துக்கொண்ட முகம் அல்ல அது. எனக்காகவும் அல்ல. அதில் எனக்கு இடம் இல்லை என்பது வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். என் கை நடுங்கவில்லை.

பாட்டு முடிந்தது. திரையை இழுத்துவிட்டார்கள். காமிராவுக்குள் கறுப்பு மட்டும் மிஞ்சியது.

ஓஸ்வால்ட் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார். “எடுத்தியா? என்னா தெரிஞ்சுது?”

“நம்ம பொண்ணு பெரிய மதர்கிட்ட வேணாம்னு சொல்லிட்டா” என்றேன். “அவங்க கை குடுத்தாங்க. வேணாம்னுட்டா.”

அவருக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கியதும் இரண்டு பேரும் அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் முழந்தாளிலேயே இருந்து, கோயில் என்றும் பாராமல், சிரித்தோம்.