தெளியாத படம்

"வாய்ல போடும்மா," என்றார் காரியம் செய்ய வந்தவர்.

உஷாராணியின் விரல்களுக்குள் அரிசி ஈரமாக இருந்தது. கைதான் இறங்கவில்லை. ஒரு வாரமாக ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே கிடந்த களைப்பு என்று எல்லாரும் நினைத்தார்கள். மகன் ராஜன் அவள் மணிக்கட்டைப் பிடித்து, கணவர் கன்னையாவின் உதட்டருகே கொண்டுபோனான்.

"ஆஸ்பத்திரிக்காரன்தான் கொன்னுட்டான்," கன்னையாவின் அக்கா வீரம்மா புலம்பினாள். "மொத தடவையே ஒழுங்கா படம் புடிச்சிருந்தா எந்தம்பி இப்படிக் கெடப்பானா?"

உஷாராணி விரல்களில் ஒட்டியிருந்த அரிசியைச் சேலையில் துடைத்தாள்.

போன வருடம் மலத்தில் ரத்தம் கண்டபோது, ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனைக்குக் கன்னையா ஒரேயடியாக மறுத்துவிட்டார். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் முப்பது வருடம் லோரி ஓட்டிய மனிதருக்கு அது மானப்பிரச்சினை.

"அப்ப ஸ்கேன் எடுக்கலாம் அங்கிள்," என்றார் டாக்டர். "சின்ன டியூப்ல காத்து மட்டும் விடுவோம். பெருங்குடல் முழுக்கப் படத்துல தெரியும். ஆனா வயிறு சுத்தமா காலியா இருக்கணும்."

ஸ்கேனுக்கு முந்தின நாள் முழுக்கக் கஞ்சித் தண்ணீரும் பேதி மருந்தும்தான். சாயங்காலம் அவர் சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். எதுவும் கேட்கவில்லை. அவளுக்குத்தான் தாங்கவில்லை. சுடுசோற்றில் கீரையைப் பிசைந்து நீட்டினாள்.

"ஒரு பிடிதாங்க. ஒண்ணும் ஆகாது."

ஒரு பிடி ஒரு தட்டானது. உண்ட அசதியில் மீதி மருந்தைக் குடிக்காமலே படுத்துவிட்டார்.

படத்தில் எது கட்டி, எது கழிவு என்று பிரித்தறிய முடியவில்லை. மறுபடி வரச்சொன்னார்கள். இன்னொரு முறை அந்தப் பாடு படமாட்டேன் என்றார் கன்னையா. அவளும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் சோற்றுப் பேச்சு வரும். எட்டு மாதம் கழித்து வலி வந்தபோது புற்றுநோய் ஈரல்வரை பரவியிருந்தது.

சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு, ராஜன் அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அம்மா, என்னையும் செக் பண்ணிக்கச் சொல்லிட்டாங்க. அப்பாவுக்கு இருந்ததால எனக்கும் வரலாமாம். அடுத்த மாசம் டேட் குடுத்திருக்காங்க."

"அதே ஸ்கேனா?"

"ஸ்கேனோ, குழாயோ. எதுவா இருந்தாலும் முந்தின நாள் பட்டினி லா."



"அன்னிக்கு என்னைய பிரிக்பீல்ட்ஸ்ல உன் சித்தி வீட்டுல விட்டுடு."

"ஏம்மா? அன்னிக்குத்தான நீங்க கூட இருக்கணும்?"

பக்கத்து வீட்டிலிருந்து வந்த சோற்றுப் பாத்திரத்தை உஷாராணி இழுத்துத் திறந்தாள். அவன் தட்டில் இரண்டு கரண்டி வைத்தாள்.

"இன்னிக்கிச் சாப்பிடு," என்றாள்.