சப்ரியானுக்குக் காட்ட வேண்டிய சிவப்பு

"அடுத்த வருஷமும் இதே அளவு பார்வை இருக்கும்னு என்னால சொல்ல முடியாது" என்று மட்டும்தான் கண் மருத்துவர் சொன்னார். சப்ரியான் பேருந்தில் தன் ஊரான ஸ்மோலியானுக்குத் திரும்பினான். வீட்டு வாசலில் காலணியைக் கழற்றும்போது மனைவியிடம் கேட்டான்.

"நெவேனா, ரோஜா நெபுலாவை இந்தக் குளிர்காலத்துலயே முடிச்சிடலாமா? அந்தச் சிவப்பை ஒரு தடவை பார்த்துடறேன்."

ரோஜா நெபுலா என்பது ரோஜாப்பூ வடிவில் சிவந்து தெரியும் விண்வாயு மேகம். இருபது வருடங்களாக இருவரும் சேர்ந்துதான் வானத்தைப் படம் எடுக்கிறார்கள். தொலைநோக்கியை நிறுத்துவது அவன், கணினியில் உட்காருவது அவள். ஒவ்வொரு ஒளி வடிகட்டியாக மாற்றிப் பல மணி நேரம் எடுக்க வேண்டும். எடுத்ததெல்லாம் சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். கடைசியில் ஒன்றாகச் சேர்த்தால்தான் நிறம் வரும்.

ஜனவரி முழுக்கப் பனி. பிப்ரவரியில் ஏழெட்டு நாள் மாலையில் வானம் தெளிந்தது. அதற்குள் சப்ரியானின் பார்வை இன்னும் மங்கியிருந்தது; தொலைநோக்கியின் திருகாணிகளைத் தடவித்தான் முடுக்கினான்.

"வலது பக்கம் திருப்பு" என்றாள் நெவேனா.

"வலதுதான்."

"அது இடது."

"நம்ம கல்யாணத்துல ஆடும்போது வலது எதுன்னு தெரியாம என் காலை மிதிச்சவ நீ."

மார்ச்சில் ஒரு ஞாயிறு மதியம், அடுப்பில் பீன்ஸ் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. முதல் வடிகட்டியின் படத்தை மட்டும் நெவேனா திரையில் திறந்தாள். நட்சத்திரங்கள் வட்டமாக விழுந்திருக்கின்றனவா என்று பார்க்கத்தான். சப்ரியான் வந்து, தலையைச் சாய்த்து, திரையோடு முகத்தை ஒட்டினான்.

"எப்பேர்ப்பட்ட சிவப்பு" என்றான்.

திரையில் படம் சாம்பல் நிறத்தில் இருந்தது.

"ஆமா" என்றாள் நெவேனா. பிறகு கேட்டாள்: "நடுவுல குழந்தைங்க தெரியுதா?" அங்கே புதிதாகப் பிறந்த நட்சத்திரக் கூட்டத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் அது.

"தெரியாம என்ன."

அவள் சமையலறைக்குப் போய் அடுப்பை அணைத்துவிட்டு, அங்கேயே நின்றாள்.

அதன்பின் தபால் அலுவலக வேலையிலிருந்து வந்ததும் தினமும் கணினியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் அவன். "சிவப்பைக் கொஞ்சம் குறை" என்பான். எதையும் தொடாமல் "குறைச்சிட்டேன்" என்பாள். "இப்ப சரியா இருக்கு" என்பான்.

மே மாதம் நகர நூலகத்தில் கண்காட்சி. படத்தின் கீழே இருவர் பெயரும் இருந்தன. ஓர் ஆசிரியை, நெபுலாவின் நடுவில் ஏன் பள்ளம் என்று கேட்டாள். அந்த இளம் நட்சத்திரங்களின் காற்று சுற்றியுள்ள வாயுவை வெளியே தள்ளுவதை சப்ரியான் அழகாக விளக்கினான்.

"அந்தப் பள்ளத்து ஓரத்துல இருக்கற நீலம்?"

சப்ரியான் நெவேனா நின்ற பக்கம் திரும்பினான்.

"அதை இவளைக் கேளுங்க. நான் இந்தப் படத்தைப் பார்த்ததே இல்ல."

ஆசிரியை ஏதோ முணுமுணுத்து நகர்ந்தாள். நெவேனாவின் கையில் பனித்சா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரத் தட்டு இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"நீ பார்க்கலைன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

"உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். அன்னைக்கு நீ 'ஆமா'ன்னு சொன்ன விதமே சொல்லிச்சு."

"அப்புறம் ஏன் ரெண்டு மாசமா பக்கத்துல உக்காந்திருந்த?"

"வேற எங்க உக்கார?"

அவள் தட்டை நாற்காலியில் வைத்தாள். அவன் விரலைப் பிடித்துப் படத்தின் கண்ணாடிமேல் வைத்து, ஓரத்திலிருந்து ஒவ்வொரு நிறமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். பாதியில் அவன் விரலை இழுத்துக்கொண்டான்.

"போதும். வீட்டுக்குப் போலாம்."

படிக்கட்டு வந்ததும், கேட்காமலே அவளுடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டான். அதற்கு முன் ஒருநாளும் அவன் அப்படிப் பிடித்ததில்லை.